வேட்டைத் துப்பாக்கியும் காட்டின் காவலும்: தியோடர் ரூஸ்வெல்ட்டின் வாழ்க்கை



சிறு பிள்ளைகள் அணைத்துக்கொண்டு தூங்கும் கரடிப் பொம்மையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை டெடி கரடி என்பர். டெடி என்பது ஐக்கிய அமெரிக்காவின் 26ஆவது ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு மக்கள் வழங்கிய செல்லப்பெயராகும். 1902 நவம்பரில் அவர் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். நாய்கள் துரத்திக் களைப்படையச் செய்த ஒரு கரடியை வழிகாட்டிகள் மரத்தில் கட்டிவைத்து, அவரைச் சுடுமாறு அழைத்தனர். கட்டப்பட்ட விலங்கைச் சுடுவது வேட்டைக்காரருக்கு அழகல்ல என்று அவர் மறுத்துவிட்டார். ஆயினும் காயமுற்றிருந்த அக்கரடியின் வேதனையை முடித்துவிடுமாறு கூறினார், அது கொல்லப்பட்டது. இச்சம்பவம் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வெளிவந்தது. அதைக் கண்டு செய்யப்பட்ட பொம்மையே டெடி கரடி.

ஏழு ஆண்டுகளின் பின்னர் அதே மனிதர் ஆபிரிக்காவுக்கு வேட்டைப் பயணம் சென்றார். அவரும் அவருடைய மகனும் அங்கு சுட்ட விலங்குகளின் எண்ணிக்கை 512. கரடியைச் சுட மறுத்தவரும் இவரே. 512 விலங்குகளைச் சுட்ட இருவருள் ஒருவரும் இவரே. தமது நாட்டில் கோடிக்கணக்கான ஏக்கர் நிலத்தைப் பாதுகாத்தவரும் இவரே. இப்பாடத்தை வாசிக்கும்போது இம்மூன்றையும் சேர்த்தே மனதில் வைத்திருங்கள்.

கவனிக்க: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜனாதிபதியாக இருந்தவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். அவர் 32ஆவது ஜனாதிபதி. தியோடரின் தூரத்து உறவினர். விடை எழுதும்போது இருவரையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இளமைப் பருவம்

தியோடர் ரூஸ்வெல்ட் 1858 ஒக்டோபர் 27ஆம் திகதி நியூயோர்க் நகரில் வசதி படைத்த குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதில் ஆஸ்துமா நோயால் மிகவும் துன்புற்றார். கண்பார்வையும் குறைவாக இருந்தது. எனினும் தந்தையின் தூண்டுதலால் நாள்தோறும் உடற்பயிற்சி செய்து உடலை உறுதியாக்கிக் கொண்டார்.

சிறுவயது முதலே விலங்குகள் மீது அவருக்குப் பேரார்வம் இருந்தது. சந்தையில் கிடந்த இறந்த கடல்நாய் ஒன்றைக் கண்டு, அதன் தலையோட்டைப் பெற்று, வீட்டிலேயே சிறிய நூதனசாலை ஒன்றை அமைத்தார். பறவைகளின் தோலை உரித்துப் பதப்படுத்தவும் கற்றுக்கொண்டார். 14 வயதில் குடும்பத்தினருடன் எகிப்துக்குச் சென்றபோது நைல் நதிக் கரையில் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். அவற்றுட் பல பின்னர் வொஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. அவரிடம் வேட்டையும் விஞ்ஞான ஆர்வமும் இவ்வாறு ஒன்றாகவே வளர்ந்தன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

1880இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அரசியலில் இறங்கினார். 1884 பெப்ரவரி 14ஆம் திகதி அவருடைய தாயாரும் இளம் மனைவியும் ஒரே நாளில் ஒரே வீட்டில் இறந்தனர். அத்துயரைத் தாங்கமாட்டாமல் அவர் டக்கோட்டாப் புல்வெளிக்குச் சென்று மாட்டுப் பண்ணை நடத்தினார்.

ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அமெரிக்கக் காட்டெருமைகள் அளவற்ற வேட்டையால் ஏறக்குறைய அழிந்துபோயிருப்பதை அவர் அங்கு நேரிலே கண்டார். அவரும் 1883இல் அங்கு ஒரு காட்டெருமையைச் சுட்டவர்தான். வேட்டைக்குக் கட்டுப்பாடு இல்லையேல் விலங்கு எஞ்சாது என்ற பாடத்தை அப்புல்வெளி அவருக்குக் கற்பித்தது. 1887இல் நண்பர்களுடன் சேர்ந்து பூன் அன்ட் குரொக்கெட் கழகத்தை நிறுவினார். வேட்டைக்காரர்களே ஒன்றுகூடி வனவிலங்குகளின் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்த அமைப்பு அது.

ஜனாதிபதிப் பதவியும் இயற்கைப் பாதுகாப்பும்

1898இல் ஸ்பானிய அமெரிக்கப் போரின்போது கியூபாவில் குதிரைப்படைத் தொண்டர்களுக்குத் தலைமை தாங்கிப் புகழ் பெற்றார். 1901இல் உப ஜனாதிபதியானார். அதே ஆண்டு செப்டெம்பரில் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறந்தமையால், ரூஸ்வெல்ட் தமது 42ஆவது வயதில் ஜனாதிபதியானார். ரஷ்ய ஜப்பானியப் போரை முடிவுக்குக் கொண்டுவர உதவியமைக்காக 1906இல் நோபல் சமாதானப் பரிசைப் பெற்றார்.

அவருடைய ஆட்சிக்காலத்தில் மேற்கொள்ளப்பட்ட இயற்கைப் பாதுகாப்பு நடவடிக்கைகள் பின்வருமாறு:

1. 150 தேசிய காடுகள் உருவாக்கப்பட்டன.
2. 51 பறவைச் சரணாலயங்கள் ஏற்படுத்தப்பட்டன. முதலாவது, 1903இல் புளோரிடாவிலுள்ள பெலிக்கன் தீவில் அமைந்தது.
3. 5 தேசிய பூங்காக்கள் அமைக்கப்பட்டன.
4. 1906ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 18 தேசிய நினைவுச் சின்னங்கள் பிரகடனப்படுத்தப்பட்டன.

பாதுகாக்கப்பட்ட நிலத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 23 கோடி ஏக்கராகும்.

ஆபிரிக்கப் பயணத்தின் நோக்கம்

1909 மார்ச் 4ஆம் திகதி ரூஸ்வெல்ட் பதவியிலிருந்து விலகினார். அதே மாதம் 23ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 50. ஒரு கண் ஏறக்குறையப் பார்வை இழந்திருந்தது. 19 வயதான மகன் கெர்மிட்டும் உடன் சென்றார்.

இப்பயணம் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பெயரில் மேற்கொள்ளப்பட்டது. வொஷிங்டனில் எழும்பிக்கொண்டிருந்த புதிய தேசிய நூதனசாலைக்கு ஆபிரிக்க விலங்குகளின் மாதிரிகளைச் சேகரிப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். எட்கர் மேர்ன்ஸ், எட்மண்ட் ஹெல்லர், ஓல்டன் லோரிங் ஆகிய மூன்று இயற்கையியலாளர்கள் குழுவில் இடம்பெற்றனர். விஞ்ஞானப் பணிகளுக்கான செலவை அன்ட்ரூ கார்னகி முதலிய செல்வந்தர்கள் ஏற்றனர். ரூஸ்வெல்ட் தமது பங்குக்காக ஸ்கிரிப்னர்ஸ் சஞ்சிகைக்குக் கட்டுரைகள் எழுத உடன்பட்டு 50,000 டொலர் பெற்றார்.

வண்ணத் தொலைக்காட்சியோ மரபணு ஆய்வோ இல்லாத காலம் அது. ஒரு விலங்கை ஆராயவும் வகைப்படுத்தவும் அதன் தோலும் எலும்பும் தேவை என்று விஞ்ஞானிகள் கருதினர். ஆனால் வேட்டையில் ரூஸ்வெல்ட்டுக்கு இருந்த தீராத விருப்பமும் இப்பயணத்துக்குக் காரணம் என்பதை மறத்தலாகாது.

பயணமும் வேட்டையும்

1909 ஏப்ரல் 21ஆம் திகதி அவர்கள் மொம்பாசாத் துறைமுகத்தை அடைந்தனர். இன்றைய கென்யா அப்போது பிரித்தானியக் கிழக்கு ஆபிரிக்கா என அழைக்கப்பட்டது. அங்கிருந்து புகையிரதத்தில் உள்நாட்டுக்குச் சென்றனர். எஞ்சினின் முன்புறத்தில் பொருத்தப்பட்ட இருக்கையில் அமர்ந்து, புல்வெளியில் மேய்ந்த வரிக்குதிரைகளையும் ஒட்டகச்சிவிங்கிகளையும் ரூஸ்வெல்ட் பார்த்துச் சென்றார். கபிட்டிச் சமவெளியில் முதல் முகாம் அமைந்தது.

சபாரி என்ற சொல் சுவாகிலி மொழியில் பயணம் எனப் பொருள்படும். அது அரபு மொழியிலிருந்து வந்த சொல். இந்தச் சபாரி மிகப் பெரியது. சுமை தூக்குவோர் மட்டும் 200க்கும் மேற்பட்டோர். தோல்களைப் பதப்படுத்துவதற்காக 4 தொன் உப்பு கொண்டுசெல்லப்பட்டது. பன்றித்தோலால் அட்டையிட்ட ஏறத்தாழ 60 நூல்களும் ஒரு பெட்டியில் உடன் சென்றன. ஓய்வு நேரத்தில் ரூஸ்வெல்ட் மரநிழலில் அமர்ந்து அவற்றை வாசித்தார்.

நைவாசா ஏரியில் நீர்யானைகளும், கென்யா மலையை அண்டிய காடுகளில் யானைகளும் வேட்டையாடப்பட்டன. வசின் கிஷு மேட்டுநிலத்தில் நண்டி இன வீரர்கள் ஈட்டியும் கேடயமும் கொண்டு சிங்கத்தைச் சுற்றிவளைத்துக் கொன்றதை ரூஸ்வெல்ட் அருகிலிருந்து பார்த்தார். பின்னர் குழு உகண்டாவைக் கடந்து நைல் நதியை அடைந்தது. 1910 மார்ச் 14ஆம் திகதி சூடானின் தலைநகர் கார்ட்டூமில் பயணம் நிறைவுற்றது.

தந்தை சுட்டவை 296. மகன் சுட்டவை 216. அவற்றுள் சிங்கங்கள் 17, யானைகள் 11, காண்டாமிருகங்கள் 20. தாவரங்கள் உட்பட 23,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றைப் பட்டியலிட்டு முடிக்க எட்டு ஆண்டுகள் சென்றன. தாங்கள் சுமார் ஒரு டசின் நினைவுப் பொருட்களையே தமக்கென வைத்துக்கொண்டதாகவும், ஏனையவை நூதனசாலைக்கோ உணவுக்கோ பயன்பட்டதாகவும் ரூஸ்வெல்ட் எழுதினார். எனினும் இவ்வளவு விலங்குகளைக் கொன்றிருக்க வேண்டுமா என்ற கேள்வி அக்காலத்திலேயே எழுந்தது.

சுமை சுமந்தவர்கள்

புகைப்படங்களில் ரூஸ்வெல்ட்டும் விழுந்துகிடக்கும் விலங்கும் தெரிவர். ஆனால் கூடாரம், உப்பு, உணவு, நூற்பெட்டி, பச்சைத்தோல் ஆகிய யாவும் ஆபிரிக்கத் தொழிலாளரின் தலையிலேயே சென்றன. ஒருவர் சுமந்த பாரம் ஏறக்குறைய 60 இறாத்தல். அவர்களுட் பெரும்பாலானோரின் பெயர்களை இன்று எவரும் அறியார்.

மேலும், குடியேற்ற ஆட்சியின் வேட்டைச் சட்டங்கள் எல்லோரையும் ஒரே விதமாக நடத்தவில்லை. பணம் செலுத்திய வெளிநாட்டவர் அனுமதிப்பத்திரம் பெற்று வேட்டையாடினர். நூதனசாலைக்காகச் சேகரித்தமையால் ரூஸ்வெல்ட்டுக்கு விசேட அனுமதி கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த மக்களோ அனுமதியின்றி வேட்டையாடினால் குற்றவாளிகளாயினர். ரூஸ்வெல்ட் குடியேற்ற ஆட்சியையும் வெள்ளையர் குடியேற்றத்தையும் ஆதரித்தவர். ஆபிரிக்க மக்களைப் பின்தங்கியவர்களாகவே நோக்கினார். இக்குறையை மறைத்து அவருடைய வாழ்க்கையை எழுதுதல் பொருந்தாது.

வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதை

1910இன் தொடக்கத்தில் குழுவினர் நைல் நதியின் மேற்குக் கரையிலுள்ள லாடோப் பகுதியில் முகாமிட்டனர். வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் வாழ்ந்த இடம் அது. அது அரிய விலங்கு என்பதை ரூஸ்வெல்ட் அறிந்திருந்தார். அதனாலேயே நூதனசாலைக்கு அதன் மாதிரிகள் வேண்டும் என எண்ணினார். தந்தையும் மகனும் சேர்ந்து ஒன்பது வெள்ளைக் காண்டாமிருகங்களைச் சுட்டனர்.

அவ்வினம் அந்த ஒன்பதினால் அழியவில்லை. 1960ஆம் ஆண்டளவிலும் ஏறத்தாழ 2,000 விலங்குகள் எஞ்சியிருந்தன. பின்னர் கொம்புக்காக நடந்த சட்டவிரோத வேட்டையும் உள்நாட்டுப் போர்களும் அவற்றை அழித்தன. சூடான் என்று பெயரிடப்பட்ட கடைசி ஆண் விலங்கு 2018 மார்ச் 19ஆம் திகதி கென்யாவில் இறந்தது. அதன் பின் நஜின், பாட்டு என்னும் இரு பெண் விலங்குகள் மட்டுமே எஞ்சின.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 100க்கும் குறைவாகவே இருந்தன. தென்னாபிரிக்காவில் அவை தொடர்ந்து பாதுகாக்கப்பட்டமையால் பின்னர் 15,000க்கும் மேலாகப் பெருகின. அரிதான விலங்கின் தோலை நூதனசாலையில் வைத்தால் அதன் உருவம் மட்டுமே நிலைக்கும். அதன் வாழிடத்தைக் காத்தால் இனமே நிலைக்கும். தமது நாட்டில் இரண்டாவது வழியைப் பின்பற்றியவர் ஆபிரிக்காவில் முதலாவது வழியில் நின்றார்.

இறுதிக்காலம்

நாடு திரும்பியபின் ரூஸ்வெல்ட் தமது வேட்டை அனுபவங்களை நூலாக வெளியிட்டார். அப்பயணத்தின் புகழால் செல்வந்தர் பலர் கிழக்கு ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குச் செல்லத் தொடங்கினர். 1912இல் மீண்டும் ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அப்பிரசாரத்தின்போது மில்வோக்கி நகரில் மார்பில் சுடப்பட்டும், உரையை முடித்த பின்னரே வைத்தியசாலைக்குச் சென்றார். 1914இல் பிரேசில் நாட்டில் அறியப்படாத ஆறு ஒன்றை ஆராயச் சென்று நோயுற்றுப் பிழைத்தார். 1918இல் இளைய மகன் குவென்டின் முதலாம் உலகப் போரில் உயிரிழந்தார். 1919 ஜனவரி 6ஆம் திகதி தமது இல்லத்தில் உறக்கத்திலேயே ரூஸ்வெல்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 60.

அவர் வேட்டையாடிய கென்யாவில் 1946இல் நைரோபித் தேசிய பூங்கா அமைக்கப்பட்டது. 1977இல் அந்நாடு விளையாட்டு வேட்டையைத் தடைசெய்தது. அதன் பின் சபாரி சென்றவர்கள் துப்பாக்கிக்குப் பதிலாகக் கமராவை எடுத்துச் சென்றனர்.

விடை எழுதும்போது

ரூஸ்வெல்ட்டை மதிப்பிடுமாறு கேட்டால் அவரை முற்றாகப் புகழ்ந்தோ முற்றாக இகழ்ந்தோ எழுதாதீர்கள். முதலில் அவர் பாதுகாத்தவற்றை எண்ணிக்கையுடன் குறிப்பிடுங்கள். அடுத்து வேட்டையாடியவற்றை எண்ணிக்கையுடன் குறிப்பிடுங்கள். அக்கால விஞ்ஞானத்தின் தேவையையும், அம்மண்ணுக்குரிய மக்களுக்கு மறுக்கப்பட்ட உரிமையையும் எடுத்துக்காட்டுங்கள். அதன் பின்னர் உங்கள் முடிவைக் காரணத்துடன் எழுதுங்கள். ஒரு மனிதர் செய்த நன்மை அவருடைய தவறை அழித்துவிடாது. தவறு நன்மையையும் அழித்துவிடாது. இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே வரலாறு கற்பதன் பயன்.

நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள்

1858 – பிறப்பு
1887 – பூன் அன்ட் குரொக்கெட் கழகம்
1901 – ஜனாதிபதியாதல்
1903 – பெலிக்கன் தீவுச் சரணாலயம்
1906 – நோபல் சமாதானப் பரிசு
1909–1910 – ஆபிரிக்கப் பயணம்
1919 – மறைவு

பயிற்சி வினாக்கள்

1. டெடி கரடி என்ற பெயர் ஏற்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுக.
2. டக்கோட்டாப் புல்வெளி வாழ்க்கை ரூஸ்வெல்ட்டின் சிந்தனையை எவ்வாறு மாற்றியது?
3. ஆபிரிக்கப் பயணத்தின் நோக்கங்கள் இரண்டு தருக.
4. குடியேற்ற ஆட்சியின் வேட்டைச் சட்டங்கள் ஆபிரிக்க மக்களை எவ்வாறு பாதித்தன?
5. வடக்கு, தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்களின் நிலையை ஒப்பிட்டு, அதிலிருந்து நீர் பெறும் படிப்பினையை விளக்குக.