லிப்டனின் கால் பவுண்டு பொட்டலம்

போன தீபாவளிக்கு அம்மா வீட்டில் முறுக்கு சுட்டு விற்றார். ஸ்கூடாயில் எங்கள் தாமானிலேயே நிறைய ஆர்டர் கிடைத்தது. நான் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கிறேன் என்பதால் பெட்டி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பார்க்க அழகாக இருந்த வெள்ளை அட்டைப் பெட்டிகள் நூறு வாங்கி வந்து, முறுக்கை அப்படியே உள்ளே அடுக்கினோம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அந்த அட்டை ஒரு பொருட்டே இல்லை. நாலே நாளில் முறுக்கு நமுத்துப் போனது. காரில் அடுக்கியதில் அடியில் இருந்த பெட்டிகள் நசுங்கி, முறுக்கு தூளாகிவிட்டது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி வாங்குவது என்று தேடியபோது கிடைத்தவர் சர் தாமஸ் லிப்டன். மஞ்சள் நிறத் தேயிலைப் பெட்டியில் பெயர் இருக்கிறதே, அவரேதான். அந்தப் பெயருக்குப் பின்னால் ரத்தமும் சதையுமாக ஒரு மனிதர் இருந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

லிப்டன் 1848இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி விற்கும் சின்னக் கடை ஒன்றை நடத்தினார்கள். முட்டையை அப்பா எடுத்துக் கொடுக்க வேண்டாம், அம்மாவே கொடுக்கட்டும், அம்மாவின் சின்னக் கையில் முட்டை பெரிதாகத் தெரியும் என்று சிறுவன் லிப்டன் யோசனை சொன்னதாக ஒரு கதை உண்டு. உண்மையோ இல்லையோ, பொருளைப் போலவே அது வைக்கப்படும் இடமும் விற்பனையைத் தீர்மானிக்கும் என்பது அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டிருந்தது.

பதினைந்து பதினாறு வயதில் கப்பலேறி அமெரிக்கா போனார். வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டம், தென் கரோலினாவில் நெல் வயல், கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையின் மளிகைப் பிரிவு. அங்கே வெளிச்சம், விளம்பரம், சுத்தமான அலமாரிகள் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டு ஊர் திரும்பி, 1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை திறந்தார். 1881 கிறிஸ்துமஸுக்கு ஒரு ராட்சதப் பாலாடைக்கட்டியை வரவழைத்து, அதற்குள் தங்கக் காசுகளைப் புதைத்து, வெட்டி விற்றார். கூட்டம் அலைமோதியது. 1880களின் முடிவுக்குள் அவருடைய கடைகள் 200ஐத் தாண்டிவிட்டன.

எனக்கு முக்கியமாகப்பட்டது இதற்கு அடுத்த பகுதி. அந்தக் காலத்தில் தேயிலை ஈயத்தாள் உட்புறம் ஒட்டிய மரப்பெட்டிகளில் கப்பலில் வரும். கப்பல் பயணத்துக்கு அது சரியான பெட்டிதான். மரம் அடியைத் தாங்கும். ஈயம் ஈரத்தையும் வேறு வாசனையையும் உள்ளே விடாது. ஆனால் கடையில் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்து, கரண்டியால் அள்ளி, நிறுத்து, தாளில் மடித்துக் கொடுப்பார்கள். திறந்த நிமிடத்திலிருந்து மணம் போகத் தொடங்கும். எடை குறையலாம். தேயிலையோடு வேறு இலைகளைக் கலந்து விற்ற கடைக்காரர்களும் இருந்தார்கள். ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தேயிலையின் விலை 3 ஷில்லிங் அளவில் இருந்தது. தொழிலாளி குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது.

1890இல் லிப்டன் இலங்கைக்குப் போனார். இலை நோய் தாக்கிக் காப்பித் தோட்டங்கள் அழிந்துபோயிருந்ததால் நிலம் மலிவாகக் கிடைத்தது. அப்புத்தளை மலையில் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தேயிலையை 1 ஷில்லிங் 7 பென்ஸுக்கு, கிட்டத்தட்டப் பாதி விலைக்கு விற்கத் தொடங்கினார். விலையைவிடப் பெரிய முடிவு, அதை எதில் போட்டு விற்பது என்பதுதான். ஒரு பவுண்டு, அரை பவுண்டு, கால் பவுண்டு என்று முன்கூட்டியே நிறுத்து, மூடிய பொட்டலங்களாக, தன் பெயரை அச்சடித்து விற்றார்.

பொட்டலத் தேயிலையை முதலில் விற்றவர் அவர் இல்லை. இங்கிலாந்தில் ஜான் ஹார்னிமன் 1826லேயே அதைச் செய்துவிட்டார். லிப்டன் அதைக் கூலித் தொழிலாளியின் சமையலறை வரை கொண்டுபோனார். இந்தக் கால் பவுண்டைப் பற்றித்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். வாரக்கூலி வாங்குகிறவரிடம் ஒரு பவுண்டு வாங்கப் பணம் இருக்காது. நூறு கிராமுக்குச் சற்று மேலான பொட்டலம் என்றால் வாங்கலாம். ஏமாற்று எடை இல்லை, போன வாரச் சுவையே இந்த வாரமும். கடையில் நிறுத்துக் கொடுக்கும் வேலையும் மிச்சம். தகர டப்பாவிலும் அவர் நிறுவனம் தேயிலை விற்றது. ஆனால் ஏழைக்குத் தாள் பொட்டலம்தான் எட்டியது. நானோ போன வருடம் அழகை மட்டும் பார்த்தேன். வாங்குகிறவர் யார், எத்தனை நாள் வைத்துச் சாப்பிடுவார் என்று கேட்கவே இல்லை.

இவ்வளவு பாராட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. தோட்டத்திலிருந்து நேராக உங்கள் தேநீர்ப் பானைக்கு வருகிறது என்பதுதான் அவர் விளம்பரத்தின் சாரம். ஆனால் அவர் விற்ற அளவுக்கு அவருடைய தோட்டங்களில் தேயிலை விளையவில்லை. பெரும்பகுதியை மற்றவர்களிடமிருந்துதான் வாங்கினார். விளம்பரப் படங்களில் கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண் நிற்பாள். தமிழ்நாட்டிலிருந்து போன நம் பெண்தான் அவள். படத்தில் முகம் இருந்தது, பெயர் இல்லை. என் கொள்ளுப்பாட்டியும் அதே தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்தான். அவர் வந்து இறங்கியது ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். வேறு கப்பலில் ஏற்றியிருந்தால் அந்தப் படத்தில் அவரும் நின்றிருக்கலாம். தம்பேதென்னவுக்கு மேலே மலை உச்சியில், லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் இடத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

மீதிக் கதை சுருக்கமானது. 1898இல் சர் பட்டம் கிடைத்தது. அமெரிக்கா கோப்பை பாய்மரப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து முறை மோதி ஐந்து முறையும் தோற்றார். தோற்றவரை அமெரிக்கர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், பணம் திரட்டித் தங்கக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1931இல் இறந்தபோது சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகருக்கு எழுதிவைத்திருந்தார்.

இந்த வருடம் எங்கள் முறுக்கு முதலில் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போகிறது. அதற்கு வெளியேதான் அட்டைப் பெட்டி. அட்டையும் தடிமனானது. அரைக் கிலோ மட்டும் என்று இருந்ததை மாற்றி, 200 கிராம் பெட்டியும் வைத்திருக்கிறோம். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதுமே என்றார் அம்மா. நெடுநாள் வைத்துச் சாப்பிட அது நல்லதுதான். ஆனால் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும்போது பெட்டி வேண்டும் என்று வாதாடி ஜெயித்தேன்.

லேபிளில் கண்டாங்கிச் சேலை கட்டிய கிராமத்துப் பாட்டி படம் போடலாம் என்றான் தம்பி. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பாட்டி இல்லை. முறுக்கு பிழிய வருவது பக்கத்து வீட்டு அக்காக்கள் இருவர். அம்மாவின் பெயரோடு அவர்கள் பெயரையும் போடலாம் என்றேன். ஒருவர் உடனே சரி என்றார். இன்னொருவர் வெட்கப்பட்டு, தன் மகளிடம் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார். மூன்று பெயருக்கும் இடம் பத்தாது என்று அச்சகத்தில் சொல்கிறார்கள். முறுக்குப் படத்தைச் சின்னதாக்கச் சொல்லியிருக்கிறேன்.