ஜனாதிபதியின் பட்டாணித் தோட்டம்

பதவி முடிந்து வீடு திரும்பிய தாமஸ் ஜெபர்சனின் கதை

1809-ம் ஆண்டு. மார்ச் மாதம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பனி கொட்டிக்கொண்டு இருந்தது. அந்தப் பனியில் ஒரு முதியவர் குதிரை மீது போய்க்கொண்டு இருந்தார். நெடிய உருவம். நரைத்த தலை. வயது 65. குளிர் முகத்தில் அடித்தது. ஆனாலும் அவர் பயணத்தை விடவில்லை. வீட்டுக்குப் போக அவருக்கு அவ்வளவு அவசரம்!

சில நாட்களுக்கு முன்புவரை அவர் அமெரிக்காவின் ஜனாதிபதி. பெயர், தாமஸ் ஜெபர்சன்.

1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர்தான். மனிதர் எல்லோரும் சமம் என்ற கருத்தை அதில் பொறித்து வைத்தவர். சுமார் 40 ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்தார். 8 ஆண்டுகள் ஜனாதிபதியாக நாட்டை ஆண்டார். அதன் பிறகு, போதும் என்று புறப்பட்டு விட்டார்.

அந்தக் காலத்தில் ஜனாதிபதிக்குப் பென்ஷன் கிடையாது. ஓய்வு பெற்ற ஜனாதிபதிகளுக்குப் பென்ஷன் கொடுக்கும் சட்டம் 1958-ல்தான் வந்தது. எனவே ஜெபர்சன் வெறுங்கையோடு திரும்பினார். இல்லை, கடனோடு திரும்பினார்!

குன்றின் மேல் ஒரு வீடு

அவருடைய வீட்டின் பெயர் மான்டிசெல்லோ. இத்தாலிய மொழியில் சிறு மலை என்று பொருள். குன்றின் உச்சியில், தாமே படம் வரைந்து, இடித்தும் கட்டியும் சுமார் 40 ஆண்டு காலம் உருவாக்கிய வீடு அது.

அந்த வீட்டில் அவரை வரவேற்க மனைவி இல்லை. அவர் 1782-லேயே இறந்து விட்டார். ஜெபர்சன் மறுமணம் செய்து கொள்ளவில்லை. பிறந்த குழந்தைகளில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் இரண்டே பெண்கள். அவர்களில் இளையவரும் 1804-ல் கண்ணை மூடினார். மிஞ்சியவர் மூத்த மகள் மார்த்தா ஒருவரே.

மார்த்தா தம் பிள்ளைகளோடு வந்து தந்தையுடன் தங்கினார். அவருக்கு ஒன்று இரண்டு அல்ல, 11 பிள்ளைகள்! வீடு கலகலப்பாக ஆகிவிட்டது.

பொழுது விடியும்போது

ஜெபர்சனின் கட்டிலுக்கு எதிரே ஒரு கடிகாரம் இருக்கும். அதன் முட்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் எழுந்து விடுவார். எழுந்தவுடன் குளிர்ந்த தண்ணீரில் காலை நனைப்பார். தம் உடல்நலத்துக்கு அதுவே காரணம் என்பது அவருடைய நம்பிக்கை.

பிறகு வெப்பமானியைப் பார்த்து, அன்றைய குளிர் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கொள்வார். பிற்பகலில் இன்னொரு முறை பார்ப்பார்.

காலை நேரம் கடிதங்களுக்கு உரியது. நாலா திசையில் இருந்தும் கடிதங்கள் வந்து குவியும். 1820-ம் ஆண்டில் மட்டும் 1,267 கடிதங்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்குத் தம் கையாலேயே பதில் எழுதினார். அதற்கு ஒரு விசித்திரமான கருவியை வைத்து இருந்தார். அதில் இரண்டு பேனாக்கள். ஒன்றைப் பிடித்து எழுதினால், மற்றொன்று பக்கத்துக் காகிதத்தில் அதையே எழுதும்! ஒன்று தபாலுக்கு, மற்றது தமக்கு.

கடிதம் எழுதி மணிக்கட்டு வலிக்கும். உடனே குதிரை மீது ஏறி வயல்களைச் சுற்றி வருவார். கடைசிக் காலம் வரை இந்தக் குதிரைச் சவாரியை அவர் விடவில்லை.

பட்டாணிப் பந்தயம்

எல்லாவற்றையும் விட அவருக்குப் பிடித்தது தோட்டம்.

குன்றின் சரிவை வெட்டிச் சமன் செய்து, 1,000 அடி நீளத்துக்குக் காய்கறித் தோட்டம் போட்டு இருந்தார். அவர் இறைச்சியைக் கொஞ்சமாகவும் காய்கறியை நிறையவும் சாப்பிடுவார். எந்த விதையை என்று விதைத்தோம், எந்தக் காய் என்று சாப்பாட்டு மேஜைக்கு வந்தது, எது பூச்சியில் போயிற்று என்று எல்லாவற்றையும் எழுதி வைப்பார். 1766-ல் தொடங்கிய அந்தக் குறிப்பை 1824 வரை எழுதினார். அப்போது வயது 81!

காய்களில் அவருக்கு உயிர், பச்சைப் பட்டாணி. 15 வகைப் பட்டாணி பயிரிட்டார்.

அக்கம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குள் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடக்கும். வசந்த காலத்தில் யார் வீட்டுப் பட்டாணி முதலில் விளைகிறதோ, அவர் மற்றவர்களை அழைத்துப் பட்டாணி விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பவர் ஜார்ஜ் டைவர்ஸ் என்ற நண்பர்.

ஓர் ஆண்டு ஜெபர்சனின் பட்டாணி முந்திக்கொண்டது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. நண்பரை உடனே விருந்துக்கு அழைக்கும்படி தூண்டினார்கள். ஜெபர்சன் மறுத்து விட்டார். யாரும் மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லி விட்டார். எப்போதும் தாமே முதல் என்ற நண்பரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்பது அவர் எண்ணம். பேரப் பிள்ளைகள் பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள்.

மூன்று அத்திப் பழம்

தோட்டத்துக்குத் தாத்தா வந்தால் போதும். பேரப் பிள்ளைகள் சூழ்ந்து கொள்வார்கள். எட்டாத கிளையில் இருக்கும் பழத்தைக் கொக்கி போட்ட கம்பால் பறித்துக் கொடுப்பார்.

மாலையில் புல்வெளியில் ஓட்டப் பந்தயம். சின்னக் குழந்தைகளைச் சற்று முன்னால் நிறுத்துவார். பெரியவர்களைப் பின்னால் நிறுத்துவார். முதலில் வந்தவருக்கு மூன்று அத்திப் பழம் அல்லது பேரீச்சம் பழம். இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டு. கடைசியாக வந்தவருக்கும் ஒன்று உண்டு!

வர்ஜீனியா என்ற பேத்திக்கு ஒரு கித்தார் மீது ஆசை. ஊரை விட்டுப் போகும் ஒரு குடும்பம் அதை விற்கப் போவதாகத் தெரிந்தது. விலை அதிகம். பேத்தி வாய் திறக்கவில்லை. ஒரு நாள் காலை, அந்தக் கித்தார் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கற்றுக்கொள்வதாக வாக்குக் கொடுத்தால் அது உனக்குத்தான் என்றார் தாத்தா.

எல்லென் என்ற பேத்திக்கு 1825-ல் கல்யாணம் ஆயிற்று. தொலைவில் உள்ள பாஸ்டன் நகருக்குக் கணவனோடு போனார். பின்னால் கப்பலில் அனுப்பிய சாமான்கள் கடலில் மூழ்கிப் போயின. அவற்றில் ஓர் அழகான எழுதும் மேஜையும் இருந்தது. ஜான் ஹெமிங்ஸ் என்ற தச்சர், எல்லெனுக்காகவே இழைத்து இழைத்துச் செய்த மேஜை. செய்தி கேட்டு அவர் துயரத்தில் ஆழ்ந்தார்.

அதற்கு ஈடாக ஜெபர்சன் வேறொரு சிறு மேஜையை எல்லெனின் கணவருக்கு அனுப்பி வைத்தார். மடியில் வைத்து எழுதும் பழைய பெட்டி மேஜை அது. அதன் மீது வைத்துத்தான் அவர் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார்! இன்று வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

பகை தீர்ந்தது

ஜான் ஆடம்ஸ் என்பவர் ஜெபர்சனுக்கு முன்பு ஜனாதிபதியாக இருந்தவர். இருவரும் ஒரு காலத்தில் உயிர் நண்பர்கள். 1800-ம் ஆண்டுத் தேர்தலில் எதிர் எதிராக நின்றார்கள். ஜெபர்சன் ஜெயித்தார். நட்பு முறிந்தது.

பல ஆண்டுகள் பேச்சு இல்லை. இருவருக்கும் பொதுவான நண்பர், டாக்டர் பெஞ்சமின் ரஷ். அவர் சமாதானம் செய்து வைக்க விடாமல் முயன்றார். 1812-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஆடம்ஸ் முதல் கடிதத்தை எழுதினார். ஜெபர்சன் உடனே பதில் எழுதினார். அது முதல் 14 ஆண்டுகளில் இருவருக்கும் இடையே 158 கடிதங்கள்! மூப்பு, புத்தகம், மதம், அரசியல் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதிக் கொண்டார்கள். ஆனால் நேரில் சந்திக்கவே இல்லை.

முதுமையில் ஜெபர்சன் ஒரு பல்கலைக் கழகத்தையும் உண்டாக்கினார். கட்டடங்களுக்குப் படம் போட்டவரும் அவரே. குன்றின் மேல் இருந்தபடி தொலைநோக்கி வழியாக வேலையைக் கவனிப்பார். 1825-ல் வகுப்புகள் தொடங்கின. மாணவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பார்.

ஜாமீன் கையெழுத்து

இவ்வளவு இன்பத்துக்கும் அடியில் ஒரு புண் இருந்தது. அதுதான் கடன்.

செலவைக் குறைக்க ஜெபர்சனுக்குத் தெரியாது. நல்ல புத்தகம், நல்ல திராட்சை மது எதையும் விட மாட்டார். அழையாத விருந்தாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து, நாள் கணக்கில் தங்கிச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் அவர் போகச் சொன்னது இல்லை.

1815-ல் தம்முடைய 6,487 புத்தகங்களை 23,950 டாலருக்கு அரசாங்கத்துக்கு விற்றார். 10 வண்டிகளில் அவை வாஷிங்டன் போயின. பணத்தில் பெரும் பகுதி கடனுக்குப் போயிற்று. ஆனால் அவர் மறுபடியும் புத்தகம் வாங்கத் தொடங்கி விட்டார்!

பிறகு வந்தது பேரிடி. மூத்த பேரனின் மாமனார் 20,000 டாலர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். சம்பந்தம் ஆயிற்றே! ஜெபர்சன் போட்டுக் கொடுத்தார். 1819-ல் நாடு எங்கும் பண நெருக்கடி. மாமனார் திவால் ஆனார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். கடன் முழுவதும் ஜெபர்சன் தலையில் விழுந்தது. அதற்காகப் பேரன் மனைவி மனம் நோகும்படி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் கடன் கடன்தானே! ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஏறி விட்டது.

உழைத்தவர்கள் யார்?

பட்டாணிக்குப் பாத்தி கட்டியவர் யார்? விருந்து சமைத்தவர் யார்?

அவர்கள் அடிமைகள். எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு எஜமானராக இருந்தார். அடிமை முறை தவறு என்று அவருக்குத் தெரியும். எழுதியும் இருக்கிறார். ஆனால் விடவில்லை.

தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வார்ம்லி ஹியூஸ். சமையலுக்குப் பொறுப்பானவர் எடித் பாசெட். மேஜை செய்த ஜான் ஹெமிங்ஸும் அடிமைதான்.

எடித், 15 வயதிலேயே ஜனாதிபதி மாளிகைக்குக் கொண்டு போகப்பட்டு, பிரெஞ்சுச் சமையல் கற்றவர். அவருடைய கணவர் ஜோ பாசெட் மான்டிசெல்லோவில் கொல்லர். பிரிவு தாங்காமல் 1806-ல் அவர் வாஷிங்டனுக்கு ஓடினார். பிடித்துச் சிறையில் வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். 1809-ல் ஜெபர்சன் ஓய்வு பெற்றுத் திரும்பிய பிறகே அந்தத் தம்பதிகள் ஒன்று சேர்ந்தார்கள்.

ஜூலை 4

1826-ம் ஆண்டு ஜூலை மாதம். ஜெபர்சனுக்கு வயது 83. படுத்த படுக்கை. ஜூலை 4-ந் தேதி சுதந்திரப் பிரகடனத்தின் 50-வது ஆண்டு விழா. அந்த நாளைப் பார்த்து விட வேண்டும் என்று உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார். முதல் நாள் இரவே, 4-ந் தேதி வந்து விட்டதா என்று கேட்டார்.

4-ந் தேதி நடுப்பகல் தாண்டியதும் அவர் உயிர் பிரிந்தது.

அதே நாள் மாலை, பல நூறு மைல்களுக்கு அப்பால், 90 வயதான ஜான் ஆடம்ஸும் இறந்தார். நண்பர் முந்திக்கொண்ட செய்தி அவருக்குத் தெரியாது.

ஜெபர்சனுக்குக் குழி வெட்டியவர், அவருக்காகப் பூச்செடி நட்ட அதே வார்ம்லி ஹியூஸ்.

ஏலம்

ஜெபர்சனின் உயில் ஐந்து பேருக்கு மட்டும் விடுதலை கொடுத்தது. ஜான் ஹெமிங்ஸும் ஜோ பாசெட்டும் அவர்களில் இருவர். இன்னும் இருவர், சாலி ஹெமிங்ஸ் என்ற அடிமைப் பெண்ணின் மகன்கள். தங்கள் தந்தை ஜெபர்சனே என்று அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். 1998-ல் நடந்த மரபணுச் சோதனைக்குப் பிறகு, வரலாற்று ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டனர்.

மற்றவர்கள்? கடன்காரர்கள் காத்து இருந்தார்கள்.

1827-ம் ஆண்டு ஜனவரி மாதம் மான்டிசெல்லோவில் ஏலம் நடந்தது. நாற்காலி, மேஜை, ஆடு மாடுகளோடு 130 மனிதர்களும் ஏலத்துக்கு வந்தார்கள். வார்ம்லியின் மனைவியும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர். எடித்தும் அவருடைய பிள்ளைகளும் வெவ்வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டனர். ஜோ பாசெட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பீட்டர் என்ற மகனுக்கு வயது 11.

பிறகு மான்டிசெல்லோவும் விலை போயிற்று. மகள் மார்த்தாவும் அந்த வீட்டை விட்டு வெளியேறினார்.

ஜோ பாசெட் சோர்ந்து உட்காரவில்லை. உறவினர் உதவியோடு, எடித்தையும் சில பிள்ளைகளையும் மீட்டார். குடும்பம் ஓகையோ மாநிலத்துக்குப் போயிற்று. பீட்டர் மட்டும் பல ஆண்டுகள் அடிமையாகவே இருந்து, தப்பி ஓட முயன்று, கடைசியில் விடுதலை பெற்றுப் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். சின்சினாட்டி நகரில் மதிப்புமிக்க பாதிரியார் ஆனார்.

தாம் பிறந்த இடத்தை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. 1900-ல் அவருடைய சபை மக்கள் பணம் சேர்த்து அவரை அனுப்பி வைத்தார்கள். 11 வயதில் ஏலம் போன இடத்துக்கு, 80 வயதைத் தாண்டிய கிழவராக அவர் திரும்பி வந்தார்.

மான்டிசெல்லோ இப்போது மக்கள் பார்க்கும் நினைவில்லம். 1,000 அடித் தோட்டத்தைப் பழையபடி அமைத்து இருக்கிறார்கள். அங்கே ஜெபர்சனின் பெயரோடு, வார்ம்லியின் பெயரும் எடித்தின் பெயரும் சொல்லப்படுகின்றன.