குறித்த நேரத்துப் பேருந்து: டி. வி. சுந்தரம் அய்யங்கார்

நுழையும் முன்

பேருந்து ஒன்று உரிய நேரத்தில் நிறுத்தத்திற்கு வருவது நமக்கு எளிய செய்தியாகத் தோன்றும். அதன் பின்னே எத்தனை பொருள்களின் பயணமும் எத்தனை பேரின் உழைப்பும் உள்ளன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நூறாண்டுகளுக்கு முன்பே அதனை எண்ணிச் செயல்பட்ட தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடத்தில் அறிவோம்.

துணிந்து எடுத்த முடிவு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நம்பி கோயிலால் புகழ்பெற்ற ஊர் திருக்குறுங்குடி. திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில், 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அதில் மனம் பொருந்தவில்லை. பின்னர் இரயில்வேயில் பணியாற்றினார், வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் தவறாமல் ஊதியம் தரும் வேலைகள் அவை. ஆயினும், அவற்றைத் துறந்து 1911ஆம் ஆண்டு மதுரையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. மோட்டார் வண்டியைக் கண்ணால் கண்டிராத ஊர்களே மிகுதியாக இருந்த காலத்தில், அவர் நம்பி இறங்கியது மோட்டார் தொழிலில்தான்.

காலம் தவறாமை

1912ஆம் ஆண்டு தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. புதுக்கோட்டைக்கு அன்று இரயில் பாதை இல்லை; மாட்டு வண்டியே மக்களுக்குத் துணை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவை மாட்டு வண்டியில் கடக்க ஒரு பகலும் இரவும் வேண்டும். நோயாளிக்கும் வணிகருக்கும் நீதிமன்றம் செல்வோர்க்கும் அவ்வளவு காலம் வீணாவது பெருந்துன்பம்.

புதிய வண்டியை மக்கள் நம்ப வேண்டுமானால், அது நாள்தோறும் குறித்த நேரத்தில் வர வேண்டும். இரண்டு நாள் வராமல் போனால் மக்கள் மீண்டும் மாட்டு வண்டியையே நாடுவர். சுந்தரம் அய்யங்கார் காலந்தவறாமையைத் தம் தொழிலின் உயிராகக் கொண்டார். டி.வி.எஸ். பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தின் நேரத்தைச் சரிசெய்துகொள்வர் என்று மதுரைப் பகுதியில் பெரியோர் சொல்வதுண்டு.

நாம் வாழும் ஐதராபாத்தில், நிசாம் அரசு இரயில்வேயின் சாலைப் போக்குவரத்துப் பிரிவு 27 பேருந்துகளுடன் 1932ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. இன்று திருமுல்கேரி வழியே ஓடும் அரசுப் பேருந்துகளின் வரலாறு அங்கிருந்தே தொடங்குகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சுந்தரம் அய்யங்காரின் பேருந்து ஓடியது என்பதை எண்ணும்போது அவருடைய துணிவு விளங்கும்.

கடல் கடந்து வந்த பாகங்கள்

அச்சாணி இல்லாத தேர் முச்சாண் தூரமும் நகராது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேருக்கே அவ்வாறெனில், ஆயிரக்கணக்கான பாகங்கள் கொண்ட மோட்டார் வண்டிக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அக்காலத்தில் வண்டியும் அதன் பாகங்களும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. 1928ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் பம்பாயில் ஒரு தொழிற்சாலையை அமைத்தது. அங்கும் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை ஒன்றுசேர்க்கும் பணியே நடைபெற்றது.

நடுவழியில் ஓர் அச்சு முறிந்தால், மாற்று அச்சு கையில் இருக்க வேண்டும். இல்லையெனில், கப்பல் வரும்வரை பேருந்து நின்றுவிடும். அதற்கு அஞ்சி எல்லாப் பாகங்களையும் அளவின்றி வாங்கிக் குவித்தால் முதல் முடங்கும், பாகங்களும் துருப்பிடிக்கும். எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது, எங்கிருந்து வர வேண்டும் என்று கணக்கிடுவதே இதற்குத் தீர்வு. மூலப்பொருள் கிடைக்கும் இடம் முதல் வண்டி ஓடும் சாலை வரை நீளும் இந்தத் தொடரை இன்று விநியோகச் சங்கிலி என்று அழைக்கின்றனர்.

சுந்தரம் அய்யங்கார் இத்தொடரின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் தம் பொறுப்பில் கொண்டுவந்தார். பேருந்துகளையும் சரக்குந்துகளையும் இயக்கினார், வண்டிகளை விற்றார், பழுது பார்த்தார், உதிரிப் பாகங்களை வழங்கினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் இவ்வாறு உருவானவை. 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை இந்தியாவில் மிகுதியாக விற்ற நிறுவனமாகச் சுந்தரம் மோட்டார்ஸ் விளங்கியது.

சங்கிலி அறுந்த நாள்கள்

இரண்டாம் உலகப்போர் இத்தொடரை அறுத்தது. கப்பல்கள் போருக்குச் சென்றன. 1942ஆம் ஆண்டு பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து இந்தியாவிற்கு வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. பேருந்துகள் நின்றால் அவற்றை நம்பிய ஊர்களும் தொழிலாளர் குடும்பங்களும் என்ன ஆகும்?

சுந்தரம் அய்யங்கார் கப்பலுக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளூரில் கிடைக்கும் விறகுக்கரியைக் கொண்டு வண்டியை ஓட்ட வழி தேடினார். கரியைக் குறைந்த அளவு காற்றில் எரித்தால் எரியக்கூடிய வாயு உண்டாகும். அதனை வடிகட்டிக் குளிர்வித்துக் காற்றுடன் கலந்து என்ஜினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். இதற்கென அவர் உருவாக்கிய கருவியே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட். இதில் குறைகளும் இருந்தன. புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே தீ மூட்ட வேண்டும். சாம்பலை அகற்ற வேண்டும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். எனினும், சக்கரங்கள் சுழன்றன. கடல் கடந்து வர வேண்டிய எரிபொருளின் இடத்தை அருகிலுள்ள காட்டின் கரி பிடித்துக்கொண்டது.

தேய்ந்த டயர்களுக்கும் அவர் வழி கண்டார். டயரின் உடற்பகுதி உறுதியாக இருக்க, சாலையில் உராயும் மேற்பகுதி மட்டுமே தேய்கிறது. அம்மேற்பகுதியில் புதிய இரப்பரை வைத்து வெப்பத்தால் ஒட்டச்செய்தால் டயர் மீண்டும் உழைக்கும். இவ்வாறு டயரைப் புதுப்பிக்கும் தொழிற்சாலைகளையும் அவர் நிறுவினார்.

வழிவழித் தொடர்ந்த பணி

விடுதலைக்குப்பின், உள்நாட்டிலேயே வண்டிகளை உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்களே தொடரலாம் என்று இந்திய அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954ஆம் ஆண்டு பம்பாய்த் தொழிற்சாலையை மூடியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் மறைந்தார்.

இனி வெளிநாட்டுப் பாகங்களை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதை அவருடைய மக்கள் உணர்ந்தனர். பிரித்தானிய நிறுவனங்களின் தொழில்நுட்பத் துணையுடன் சென்னையை அடுத்த பாடியில் தொழிற்சாலைகள் எழுந்தன. சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா 1960இலும், மின்கருவிகள் செய்ய லூகாஸ்-டி.வி.எஸ். 1961இலும், பிரேக்குகள் செய்ய பிரேக்ஸ் இந்தியாவும் சுந்தரம்-கிளேட்டனும் 1962இலும் தொடங்கப்பெற்றன. தரத்திற்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசினை 1998ஆம் ஆண்டு சுந்தரம்-கிளேட்டன் பெற்றது. அப்பரிசைப் பெற்ற முதல் இந்திய நிறுவனம் அதுவே.

தஞ்சாவூர்ச் சாலையில் ஒரு பேருந்தின் நேரத்தைக் காக்கத் தொடங்கிய முயற்சி, நாட்டின் வண்டிகளுக்குப் பாகங்கள் வழங்கும் தொழிலாக வளர்ந்தது. சொன்ன நேரத்தில் சொன்ன பொருளைச் சேர்ப்பது ஒருவர் மற்றவர்க்குக் காட்டும் மதிப்பு. அம்மதிப்பைத் தொழிலின் அடித்தளமாக்கியவர் சுந்தரம் அய்யங்கார்.

சொல்லும் பொருளும்

உதிரிப் பாகம் – வண்டியில் மாற்றிப் பொருத்தத்தக்க தனி உறுப்பு
கண்ணி – சங்கிலியின் ஒரு வளையம்
முதல் – தொழிலில் இடும் பணம்
சரக்குந்து – லாரி

சிந்தித்து எழுதுக

1. உதிரிப் பாகங்களை அளவின்றி வாங்கி வைப்பதால் விளையும் தீமைகள் யாவை?
2. போர்க்காலத்தில் பெட்ரோலுக்கு மாற்றாகச் சுந்தரம் அய்யங்கார் கண்ட வழியை விளக்குக.
3. உங்கள் வீட்டிற்கு வரும் பால் எந்தெந்தக் கண்ணிகளைக் கடந்து வருகிறது? வீட்டாரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.