ஜேம்ஸ் கிளார்க் ராஸ்

உலகின் வடகோடியையும் தென்கோடியையும் ஆராய்ந்து புகழ்பெற்ற மாலுமிகளுள் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவர் ஒருவர். இவர் 1800ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 15ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். 1812ஆம் ஆண்டில், சிறுவராயிருந்தபோதே, தம் தந்தையின் உடன்பிறந்தாராகிய ஜான் ராஸின்கீழ்ப் பிரிட்டிஷ் கடற்படையிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் அட்லாண்டிக் கடலிலிருந்து வட அமெரிக்காவின் வடபுறமாகப் பசிபிக் கடலை அடைய வழியுண்டா என ஆங்கிலேயர் தேடிவந்தனர். அதன்பொருட்டு 1821ஆம் ஆண்டில் எட்வர்டு பாரி என்னும் தலைவர் இரு கப்பல்களுடன் புறப்பட்டார். ராஸும் உடன் சென்றார். பனிக்கட்டி வழியை மறித்தமையால் அவர்கள் இரு குளிர்காலங்களை அங்கேயே கழிக்க நேர்ந்தது. கடுங்குளிரையும் நீண்ட இருளையும் கண்டு ராஸ் சோர்ந்திலர். அந்நிலத்து விலங்குகளையும் பறவைகளையும் சேகரித்து ஆராய்ந்து வந்தார்.

1823ஆம் ஆண்டு ஜூன் திங்களில், மெல்வில் தீபகற்பத்தின் கடற்கரையில் ஆலாப் பறவைகள் கூட்டமாய்ப் பறந்துகொண்டிருந்தன. அவற்றிற்குச் சற்றுத் தொலைவில் ஒரு பறவை தனியே பறந்தது. உருவின் அளவாலும் சிவந்த கால்களாலும் அதுவும் ஆலாவைப் போன்றே இருந்தது. மேலோட்டமாய் நோக்குவோர் அதனை ஆலா என்றே எண்ணி விட்டிருப்பர். ராஸ் அதனைச் சுட்டு வீழ்த்தி, கையிலெடுத்து ஆராய்ந்தார். ஆலாவின் வால் பிளவுபட்டது. இதன் வாலோ நடுவில் நீண்டு ஆப்புப்போற் கூம்பியிருந்தது. அலகு குறுகிக் கறுத்திருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கருவளையம் விளங்கிற்று. மார்பில் மெல்லிய ரோஜா நிறம் படர்ந்திருந்தது. அது கடற்காக இனத்தைச் சேர்ந்தது. எனினும், அன்றுவரை நூல்களில் விவரிக்கப்பெறாதது.

நிழற்படக் கருவி தோன்றாத காலம் அது. பறவையின் உடலைப் பாடஞ்செய்து வைத்தலே சான்றாயிருந்தது. கண்ட இடமும் காலமும் அடையாளங்களும் பயணக் குறிப்பிற் பதிவாயின. 1824ஆம் ஆண்டில் வில்லியம் மெக்கிலிவ்ரே என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், ரோஜா நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் பெயரை அதற்குச் சூட்டினார். ஆங்கிலத்தில் அது இன்றும் ராஸின் பெயராலேயே வழங்குகின்றது.

பின்னர் ராஸ் 1831ஆம் ஆண்டில் வட காந்தத் துருவத்தின் இடத்தைக் கண்டறிந்தார். 1839 முதல் 1843 வரை தென் துருவப் பகுதியில் ஆராய்ச்சி நிகழ்த்தினார்; அங்குள்ள ராஸ் கடல் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. 1848ஆம் ஆண்டில், வடகடலிற் காணாமற்போன பிராங்ளினையும் அவர்தம் தோழரையும் தேடிச் சென்று, காணாது திரும்பினார். 1862ஆம் ஆண்டில் உலக வாழ்வை நீத்தார்.

அப்பறவை எங்கே கூடு கட்டுகின்றது என்பதை ராஸ் தம் வாழ்நாளில் அறிந்திலர். பிறரும் நெடுங்காலம் அறிந்திலர். கடலோடிகள் அதனைப் பனிக்கடலிற் கண்டனர். அதுவோ சதுப்பு நிலத்தில் முட்டையிடுவது. ராஸ் அதனைக் கண்டு 82 ஆண்டுகள் சென்றபின், 1905ஆம் ஆண்டில், செர்கை புத்தூர்லின் என்னும் ரஷ்ய அறிஞர் சைபீரியாவின் கொலிமா ஆற்றுக் கழிமுகப் பகுதியில் அதன் கூடுகளைக் கண்டறிந்தார்.

ஒருவர் தொடங்கிய பணியை மற்றொருவர் முடிப்பதே அறிவியலின் இயல்பு. ஆலாக் கூட்டத்தினின்று அவ்வொரு பறவையை வேறுபிரித்தறிந்த கூரிய நோக்கும், கண்டதைக் கண்டவாறே பதிவுசெய்யும் நேர்மையும் அப்பணிக்கு அடிப்படையாயின. அவை நாமும் போற்றிப் பழகத்தக்க பண்புகளாகும்.