இலக்கணமே சான்று

நுழையும்முன்

ஒரு மொழியின் சரி தவறுகளை எந்த அளவுகோலால் அளப்பது? வேறொரு மொழியின் இலக்கணத்தாலா, அம்மொழிக்கே உரிய இலக்கணத்தாலா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழைச் சுற்றி எழுந்த இவ்வினாவிற்குச் சான்றுகளோடு விடை தந்தவர் இராபர்ட் கால்டுவெல். பழனிமலைத் தொடரில், கோடைக்கானலில் நிறைவுற்ற அவ்வறிஞரின் வாழ்வை அறிவோம்.

மலையில் ஒரு முதியவர்

இன்று பேருந்தில் ஏறி அமர்ந்தால் சில மணி நேரத்தில் கோடைக்கானலை அடைந்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வசதி இல்லை. பெரியகுளம் பக்கமிருந்து காட்டுப்பாதை வழியாக நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோதான் ஏறிச்செல்ல வேண்டும். 1845 முதல் அங்கு வீடுகள் அமைத்துத் தங்கத் தொடங்கிய அமெரிக்க மறைப்பணியாளர்களைத் தொடர்ந்து, சமவெளியின் வெப்பத்தால் உடல்நலம் குன்றிய ஐரோப்பியர் பலரும் அம்மலையை நாடினர். 1891ஆம் ஆண்டில், எழுபத்தேழு வயதில், பணி ஓய்வு பெற்று அங்குத் தங்கியிருந்தவர்களுள் ஒருவர் கால்டுவெல். தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்து களைத்த உடல் அவருடையது.

இளமையும் வருகையும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, அங்குக் கிரேக்க மொழிப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்ஃபோர்டின் பாடங்கள் அவர் உள்ளத்தில் மொழி ஒப்பீட்டில் ஆர்வத்தை விதைத்தன. சொற்களை அருகருகே வைத்து அவற்றின் உறவைக் காணும் பழக்கம் அவரிடம் அங்குதான் வேரூன்றியது.

சமயப் பணிக்காக 1838ஆம் ஆண்டு சனவரியில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். அங்கிருந்த ஆண்டுகளில் தமிழைக் கற்றார். 1841இல் திருநெல்வேலிப் பகுதிக்கு அனுப்பப்பட்டபோது, மக்களின் வாழ்வையும் பேச்சையும் நேரில் அறிய விரும்பி, நெடுந்தொலைவை நடந்தே கடந்தார். செம்மண் தேரியும் பனைமரங்களும் சூழ்ந்த இடையன்குடியே அவரது வாழ்விடமாயிற்று. 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய மறைப்பணியாளர் மால்ட்டின் மகள். தமிழில் நன்கு பழகிய அவர், இடையன்குடியில் பெண்கல்விக்கும் பின்னல் தொழிலுக்கும் துணைநின்றார்.

எழுந்த வழக்கு

அக்காலத்தில் கோல்புரூக், கேரி முதலிய அறிஞர்கள் இந்திய மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து தோன்றியவை எனக் கருதினர். தமிழில் வடசொற்கள் கலந்திருப்பது அவர்களுக்குச் சான்றாகத் தோன்றியது. இக்கருத்தைச் சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் 1816இல் மறுத்தார். தென்னக மொழிகளுக்கு வேறொரு மூலம் உண்டு எனக் காட்டினார். ஆயினும் மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய ஆய்வை விரிவாக நிகழ்த்திக்காட்டும் பொறுப்பு கால்டுவெல்லை வந்தடைந்தது.

இந்த வழக்கு புலவர்களுக்கிடையே நிகழ்ந்த வெறும் சொற்போர் அன்று. தமிழ் மற்றொரு மொழியின் திரிபு என்று கொண்டால், வடமொழி இலக்கணத்திலிருந்து அது வேறுபடும் இடங்கள் எல்லாம் பிழைகளாகவும் சிதைவுகளாகவும் கொள்ளப்படும். தமிழ் தனிமொழி என்று நிறுவப்பட்டால், அவ்வேறுபாடுகளே அதன் இயல்பான விதிகளாகும்.

இலக்கணம் தந்த சான்றுகள்

கடன் வாங்கிய சொற்களைக்கொண்டு ஒரு மொழியின் பிறப்பை முடிவு செய்யலாகாது என்பது கால்டுவெல்லின் அணுகுமுறை. எண்ணுப்பெயர்கள், மூவிடப் பெயர்கள், வேர்ச்சொற்கள், வேற்றுமை உருபுகள், தொடரமைப்பு ஆகியவற்றையே அவர் ஆராய்ந்தார்.

எளிய சான்று ஒன்றைக் காண்போம். தமிழில் ‘மூன்று’, மலையாளத்தில் ‘மூன்னு’, கன்னடத்தில் ‘மூறு’, தெலுங்கில் ‘மூடு’ என வழங்கும் எண், வடமொழியில் ‘த்ரி’ என்றும் ஆங்கிலத்தில் ‘த்ரீ’ என்றும் வழங்குகிறது. கடல்களுக்கு அப்பாலுள்ள ஆங்கிலம் வடமொழிக்கு உறவாக நிற்க, அருகிலேயே வாழும் தமிழ் வேறொரு குடும்பத்தில் நிற்பதை இவ்வொரு சொல்லே உணர்த்தும்.

பால் பாகுபாடும் இவ்வாறே. வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொற்களுள் ‘பார்யா’ பெண்பால், ‘தார’ ஆண்பால், ‘களத்ர’ நபும்சகம் என்னும் அலிப்பால். அங்குப் பால் சொல்லைச் சார்ந்தது. தமிழிலோ பொருளைச் சார்ந்து உயர்திணை, அஃறிணை எனப் பகுக்கப்படுகிறது. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ ஆகிய இரண்டிற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் உண்டு. வடமொழியிலும் இவ்வேறுபாடு இல்லை. தெலுங்கிலோ ‘மனமு’, ‘மேமு’ என இவ்விரண்டும் தனித்தனியே வழங்குகின்றன.

வேற்றுமை உருபுகளும் சான்று பகர்கின்றன. ஆங்கிலத்தில் உடைமையைக் காட்டும் அப்பாஸ்ட்ரபி என்னும் மேற்குறி, ஒருமைக்கு ஓரிடத்திலும் பன்மைக்குப் பெரும்பாலும் வேறிடத்திலும் நிற்கும். அதனை எங்கே இடுவது என்பதில் ஆங்கிலேயரே தடுமாறுவதுண்டு. வடமொழியில் ஒருமை, இருமை, பன்மை ஆகியவற்றிற்கு ஏற்ப உருபுகளே மாறும். தமிழில் ‘மரத்தை’, ‘மரங்களை’ என ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே ‘ஐ’ உருபுதான் வருகிறது. இத்தகைய ஒட்டுநிலை அமைப்பு தென்னக மொழிகளின் பொதுப்பண்பு.

இவ்வாறு திரட்டிய சான்றுகளைத் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் நூலாக 1856இல் வெளியிட்டார். 1875இல் அதனைத் திருத்தி விரிவாக்கி, பன்னிரண்டு மொழிகளை ஆராயும் இரண்டாம் பதிப்பாக்கினார். தமிழ் வடமொழியின் துணையின்றித் தனித்து இயங்கவல்லது, செழிக்கவும் வல்லது என்பது அந்நூல் நிறுவிய முடிவு.

பிற பணிகள்

இலக்கணத்தோடு அவர் பணி நிற்கவில்லை. தமிழ் விவிலியத் திருத்தக் குழுவில் பங்காற்றினார். கொற்கையில் அகழ்ந்து பழம்பொருள்களைக் கண்டறிந்தார். 1877இல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இடையன்குடியில் அவர் எழுப்பிய ஆலயம் 1880இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்டார்.

திருத்தப்பட்ட திருத்துநர்

கால்டுவெல்லின் எழுத்துகள் யாவும் குறையற்றவை அல்ல. தாம் பணியாற்றிய பகுதியின் மக்களைப் பற்றி 1849இல் அவர் எழுதிய நூல், அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தியது. பின்னாளில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு மொழியை அதன் இயல்பில் கண்டவர், அதனைப் பேசிய மக்களை அவ்வாறு காணத் தவறியது வருந்தத்தக்கது. திராவிட மொழிகளைச் சித்திய மொழிகளோடு உறவுபடுத்திய அவர் கருத்தும் பின்வந்த ஆய்வாளர்களால் ஏற்கப்படவில்லை. தமிழ் இலக்கியத்தின் காலத்தையும் அவர் மிகப் பிற்பட்டதாகக் கணித்தார். அவர் தம் நூலைத் திருத்திய 1875இல் சங்கத் தொகை நூல்கள் அச்சேறாமல் ஏட்டுச்சுவடிகளாகவே இருந்தன.

இக்குறைகளைக் காட்டியவர்கள் பயன்படுத்தியதும் அவர் கைக்கொண்ட முறையையே. சான்றால் ஒரு முடிவை நிறுவியவரின் பிற முடிவுகள், மேலும் வலிய சான்றுகளால் திருத்தப்பட்டன. ஆயினும் திராவிடம் தனி மொழிக்குடும்பம் என்னும் அவர் அடிப்படை முடிவு இன்றும் நிலைத்து நிற்கிறது.

மலையிலிருந்து இடையன்குடிக்கு

1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கோடைக்கானலில் கால்டுவெல் இயற்கை எய்தினார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அவர் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1894இல், உ.வே. சாமிநாதர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். மயிலுக்குப் போர்வை அளித்த வள்ளல் பேகன் அந்நூலில் பாடப்பெறுகிறான். அவன் ஆண்ட நாடு பழனிமலை சார்ந்த நாடே. தமிழின் தொன்மைக்குக் கால்டுவெல் தேடிய சான்றுகளுள் ஒன்று, அவர் இறுதியாக மூச்சுவிட்ட மலையையே பாடிக்கொண்டு, ஏட்டுச்சுவடியில் காத்திருந்தது.