விமான யந்திர வல்லுநர் பிராங்க் ஹால்போர்டு

பழனிமலை அடிவாரத்து அய்யம்பாளையத்தில், மின்சார மோட்டார் வருமுன் தோப்புக் கிணறுகளில் ஆயில் எஞ்சின்களே நீர் இறைத்தன. அந்நாளில் நம் சங்கத்துக் குடும்பமொன்றின் இளைஞன், பக்கத்துத் தோட்டத்தாரை மிஞ்சப் பாய்ச்ச வேண்டுமென்று கவர்னரைத் திருகி, விதித்த வேகத்துக்கு மேல் எஞ்சினை ஓட்டினான். மூன்றாம் நாள் கனெக்டிங் ராடு முறிந்து, கிராங்குப் பெட்டியைப் பிளந்துகொண்டு வெளிவந்தது. தந்தையார் கடன்பட்டு வாங்கிய எஞ்சின் அது. அவ்விளைஞன் இக்கட்டுரையை எழுதுபவனேயாவன். யந்திரத்தின் சக்தியைப் பெருக்கும் வகையைப் பின்னாளில் நூல்வாயிலாக அறியப் புகுந்தபோது, அதனையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஹால்போர்டு என்பாரின் சரித்திரம் கண்ணிற்பட்டது. நம் மாணவர்கட்கு அதனைச் சுருக்கி உரைப்பேன்.

இவர் 1894-ம் ஆண்டு மார்ச்சு 7-ந் தேதி இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரில் பிறந்தார். அந்நகரத்துக் கல்லூரிப் படிப்பை 1913-ல் இடையே விடுத்து, விமானம் ஓட்டக் கற்று, விரைவிலேயே பிறர்க்கும் கற்பிக்கும் ஆசானாயினார். முதல் உலகப் பெரும்போர் மூண்டதும் விமானப்படை புகுந்தார். அவரது திறமை யந்திரத்திலேயே என்பதை மேலோர் உணர்ந்து அப்பணிக்கு மாற்றினர். 160 குதிரைச் சக்தியுள்ள பியர்ட்மோர் எஞ்சினை அடியொற்றி, 230 குதிரைச் சக்தியுள்ள புதியதொன்றை அவர் சமைத்தார்.

போர் முடிந்தபின், வேண்டாப் பொருளாய்க் குவிந்து கிடந்த பழைய ரெனால்ட் எஞ்சின்கள் அவர் கைக்கு வந்தன. எட்டுச் சிலிண்டர்களை இரு வரிசையாகக் கொண்டு 80 குதிரைச் சக்தி தந்தவை அவை. ஹால்போர்டு அவற்றைத் திருத்தி 120-க்கு உயர்த்தினார். அதன்பின் செய்ததே விந்தை. சிறு விமானத்துக்கு மலிவானதோர் எஞ்சின் வேண்டுமென ஜெப்ரி டி ஹாவிலண்டு விரும்பவே, அவ்வெட்டில் ஒரு வரிசையை மட்டும் கொண்டு, பழைய உறுப்புக்கள் பலவற்றை அப்படியே பயன்படுத்தி, நான்கு சிலிண்டரும் 60 குதிரைச் சக்தியும் உடைய சிரஸ் எஞ்சினை ஆக்கினார். அதனைத் தாங்கிய மாத் விமானம் 1925-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி முதன்முதல் பறந்தது. பழஞ்சரக்குக் கொண்டு ஒரு புதுத் தொழிலே பிறந்ததென்னலாம்.

பழைய உறுப்புக்கள் அருகவே, 1927-ல் ஜிப்ஸி என்னும் புது எஞ்சினை வகுத்தார். இங்கு மாணவர் சற்று நின்று நோக்குக. எஞ்சினின் சக்தியைப் பெருக்க மூன்று வழிகள் உண்டு: சிலிண்டரைப் பெரிதாக்கல், உட்புகும் கலவையை மிகுதியாய் அமுக்கல், சுழற்சியை விரைவாக்கல். மூன்றாவது எளிதாகத் தோன்றும். ஆயின் இவ்வெஞ்சின்களில் விசிறி கிராங்கோடு நேரே பிணைந்தது. அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குமாயின் இழுக்கும் திறன் குன்றும். சிலிண்டர்களைக் குளிர்விப்பதோ வெறுங் காற்று. ஆதலின் அவர் பெரிதும் முதலிரண்டு வழிகளையே நாடினார். பிஸ்டனின் ஓட்டத்தை 128 மில்லிமீட்டரிலிருந்து 140 ஆக்க, ஏறக்குறைய 100 ஆக இருந்த சக்தி 120 ஆயிற்று. சிலிண்டரின் விட்டத்தை 114-லிருந்து 118 ஆக்க, 1932-ல் 130 குதிரைச் சக்தியுள்ள ஜிப்ஸி மேஜர் பிறந்தது. பின்னர் அமுக்க விகிதம் 5.25-லிருந்து 6-க்கு ஏறவே, சக்தி 145 ஆயிற்று. அதற்கு உயர்தரப் பெட்ரோலும் வேண்டியிருந்தது. மேலும், ஓர் எஞ்சினை முத்திரையிட்டு 600 மணி நேரம் பறக்கவிட்டு, அதன் உறுதியை உலகறியக் காட்டினர். நான் கவர்னரைத் திருகுமுன் இதனை அறிந்திலேனே!

நம் நாட்டுக்கும் இவ்வெஞ்சினுக்கும் உறவுண்டு. 1932-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியினின்று பம்பாய்க்குத் தபால் கொணர்ந்த பஸ் மாத் விமானத்தில் இருந்தது ஜிப்ஸியின் மூன்றாம் வகையே. அத்தபாலை நெவில் வின்சென்ட் பல்லாரி வழியே சென்னைக்குச் சேர்த்தார். 1934-ல் இங்கிலாந்திலிருந்து மெல்பர்னுக்கு நடந்த பந்தயத்தில், அலகாபாத்தில் இறங்கிச் சென்று வென்ற காமெட் விமானமும், அமுக்கம் உயர்த்திய இரண்டு ஜிப்ஸி ஆறு சிலிண்டர் எஞ்சின்களையே பூண்டிருந்தது.

எனினும் ஹால்போர்டும் எல்லை கடந்ததுண்டு. நேப்பியர் கம்பெனிக்காக அவர் வகுத்த டாகர் எஞ்சின் இருபத்துநான்கு சிலிண்டர்களை உடையது; நிமிஷத்துக்கு 4,000 சுற்றுக்கு மேற் சுழன்றது; விசிறியின் வேகத்தைப் பற்சக்கரம் குறைத்துத் தந்தது. அதனைத் தாங்கிய ஹியர்போர்டு குண்டுவீச்சு விமானங்கள் தரையில் நிற்கையில் மிகச் சூடேறியும், வானில் ஓயாது இரைந்தும் விமானிகளை வருத்தின. அவற்றுட் பலவற்றுக்கு வேறு எஞ்சின் பூட்ட நேர்ந்தது. அவர்பால் அன்புடையோரும் இதனை மறைத்தல் தகாது.

இரண்டாம் உலகப் போரில் அவர் பிஸ்டனையே விடுத்து ஜெட் எஞ்சினுக்குச் சென்றார். அவரது காப்ளின் எஞ்சின் 1943-ம் ஆண்டு மார்ச்சு 5-ந் தேதி விண்ணேறியது. அதனைக் கொண்ட வாம்பயர் விமானங்கள் பின்னர் நம் விமானப்படையிலும் சேர்ந்தன. பெங்களூரில் டாக்டர் காட்கே வகுத்து, 1951-ல் பறந்த எச். டி. 2 பயிற்சி விமானத்திலோ, அவர் தொடங்கிய சிரஸ் மரபிற் பிறர் சமைத்த 155 குதிரைச் சக்தி எஞ்சினே இருந்தது. ஹால்போர்டு 1955-ம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி காலமானார்.