உழைப்போரின் துணைவர் தேவன் நாயர்

சம்பளம் உயராமல் அரிசி விலை மட்டும் உயர்ந்தால், ஒரு குடும்பம் எப்படிச் சமாளிக்கும்? இக்கேள்விக்கு விடைகாணத் தொழிலாளர்களுடன் சேர்ந்து உழைத்தவர் தேவன் நாயர்.

அவர் 1923ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். பத்து வயதில் குடும்பத்துடன் சிங்கப்பூருக்கு வந்தார். லிட்டில் இந்தியாவுக்கு அருகிலிருந்த ரங்கூன் சாலைத் தொடக்கப்பள்ளியிலும், பின்னர் விக்டோரியா பள்ளியிலும் படித்தார். ஆசிரியரான அவர், 1949இல் சிங்கப்பூர் ஆசிரியர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். 1951இலும் 1956இலும் கைது செய்யப்பட்டுச் சிறைவாசம் அனுபவித்தார். 1959இல் விடுதலையான பிறகும் தொழிற்சங்கப் பணியை அவர் கைவிடவில்லை.

1970களில் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராக அவர் பணியாற்றினார். 1972இல் தேசியச் சம்பள மன்றம் உருவானது. பேராசிரியர் லிம் சோங் யா அப்போது அதன் தலைவராக இருந்தார். அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் அதில் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் சம்பள உயர்வைப் பரிந்துரைத்தனர்.

மறு ஆண்டே பெருஞ்சோதனை வந்தது. உலக எண்ணெய் நெருக்கடியால் விலைவாசி ஏறியது. 1974இல் பணவீக்கம் ஏறத்தாழ 22 விழுக்காட்டை எட்டியது. சம்பளத்தை உயர்த்தாவிட்டால் தொழிலாளர் குடும்பங்கள் வாடும். விலை ஏறும்போதெல்லாம் சம்பளமும் தானாகவே ஏறுமாறு ஒப்பந்தம் செய்தால், முதலாளிகள் அச்செலவைப் பொருள்களின் விலையில் சேர்ப்பர். விலை மீண்டும் ஏறும். ஏற்றுமதி குறைந்தால் வேலைகளும் பறிபோகும்.

அவ்வாண்டு மன்றம் 40 வெள்ளியுடன் 6 விழுக்காடு சேர்த்துச் சம்பளத்தை உயர்த்தப் பரிந்துரைத்தது. இதன்படி, 200 வெள்ளி சம்பளம் பெற்றவருக்கு 52 வெள்ளி, அதாவது 26 விழுக்காடு கூடியது. 1,000 வெள்ளி பெற்றவருக்கோ 100 வெள்ளி, அதாவது 10 விழுக்காடு மட்டுமே கூடியது. குறைந்த வருமானம் பெற்றவர்களே விகிதத்தில் அதிகம் பயனடைந்தனர்.

சம்பளத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, அது வாங்கும் பொருளும் குறையக்கூடாது என்பதைத் தொழிற்சங்கங்கள் உணர்ந்திருந்தன. அதனால் 1973இல் தோ பாயோவில் ‘வெல்கம்’ கூட்டுறவுப் பேரங்காடியைத் திறந்து, அன்றாடப் பொருள்களை நியாய விலைக்கு விற்றன. அதுவே பின்னர் ஃபேர்பிரைஸ் ஆக வளர்ந்தது.

தேவன் நாயர் 1981 முதல் 1985 வரை நாட்டின் அதிபராக இருந்தார். 2005இல் கனடாவில் காலமானார். தேசியச் சம்பள மன்றம் இன்றும் ஆண்டுதோறும் கூடுகிறது. விலைவாசி உயரும்போது, குறைந்த சம்பளம் பெறுவோரின் நிலை என்ன என்று அங்கே இன்றும் ஆராயப்படுகிறது.